சாத்திய கதவுக்குள் ஒரு ஆட்டம்

கோலாட்டத்துக்கு இரட்டைப்படையில் ஆள் வேண்டும். இந்த ஒரு விஷயம்தான் என்னைத் தனி ஆளாக்கியது என்று சொன்னால் எங்கள் லயத்துப் பெண்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கு எப்போதும் எதிரே ஒருத்தி நின்றாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எட்டுப் பெண்கள் சேர்ந்து கோலாட்டம் ஆடினோம். மாரியம்மன் திருவிழா, பள்ளிக்கூட விழா எதுவென்றாலும் நாங்கள்தான். நான்கு ஜோடி. என் ஜோடி பக்கத்து வீட்டுக்காரி. லயம் என்றால் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள்தானே, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதுவும் கூரையைத் தொடாத சுவர். அவள் இருமினால் நான் இந்தப் பக்கமிருந்து கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொல்வேன். நான் அழுதால் அவள் சுவரைத் தட்டுவாள். பதினான்கு வயதிலிருந்து நாங்கள் ஜோடி. என் குச்சிகளுக்குச் சிவப்புப் பெயின்ட், அவளுடையதற்குப் பச்சை. கண்ணை மூடிக்கொண்டு ஆடினாலும் அவள் குச்சி எங்கே வரும் என்று என் கைக்குத் தெரியும்.

ஐந்தாறு வருடம் கழித்து அவள் வீட்டு வேலைக்குச் சவுதிக்குப் போனாள். அந்தக் காலத்தில் லயத்துக்கு ஒருத்தி அப்படிப் போய்க்கொண்டுதான் இருந்தாள். நான் மட்டும் ஏதோ எனக்கென்றே நடந்த அநியாயம் மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பஸ் ஏறும் இடத்தில் அவள் என் சிவப்புக் குச்சியில் ஒன்றைப் பிடுங்கித் தன் பையில் செருகினாள். தன் பச்சைக் குச்சியில் ஒன்றை என் கையில் திணித்தாள்.

“ரெண்டே வருசம் புள்ள. அதுக்குள்ள வேற எவகூடயாவது ஜோடி சேந்த, வந்து கைய ஒடைப்பேன்.”

சேர ஆளே இல்லை. ஏழு பேர் மிஞ்சினோம். எங்களுக்குப் பழக்கிய யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

“ஏழு பேரோட கோலாட்டம் ஆடேலாது, பிள்ளை. நீர் பக்கத்தில நிண்டு பாடும்.”

நான் பாடினால் கூட்டம் கலைந்துவிடும். அது அவருக்கும் தெரியும். அந்த வருடத் திருவிழாவில் பிடிவாதமாக ஆடினேன். எல்லோரும் ஜோடியின் குச்சியில் தட்ட, நான் காற்றில் தட்டினேன். தடுக்க எதிர்க்குச்சி இல்லாததால் ஒவ்வொரு முறையும் கை தூரப் போய் உடம்பு முன்னால் சாய்ந்தது. முன்வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதில் என் கூடப்பிறந்த அக்காவும் ஒருத்தி. அன்றோடு குச்சிகளைப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். அடுத்த வருடம் இன்னொருத்தி கல்யாணமாகிப் பூண்டுலோயாவுக்குப் போக, கோலாட்டமும் நின்றது.

இரண்டு வருடம் நான்கு வருடமானது. கடிதம் முதலில் மாதம் ஒன்று வந்தது, பிறகு திருவிழாவுக்கு ஒன்று. எனக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை கிடைத்தது. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் கட்டடம் அது. உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். ஊர் முழுக்க என்னை ஆயம்மா என்று கூப்பிட ஆரம்பித்தது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயதுகூட ஆகவில்லை. இருபது குழந்தைகளுக்கு நடுவில் இருந்துகொண்டு தனிமை என்று சொல்வது அதிகப்படிதான். ஆனால் மலை வேலை முடிந்ததும் குழந்தைகள் எல்லாம் அவரவர் அம்மாவோடு போய்விடும். நான் தொட்டில்களை ஒதுக்கிவிட்டுப் பூட்டிக்கொண்டு வருவேன்.

புது நூற்றாண்டு பிறந்த சமயம் அவள் திரும்பி வந்தாள். வேன் வந்து நின்றதும் மூன்று லயத்து ஆட்களும் வந்து பார்த்தார்கள். அவள் என்ன சேலை கட்டியிருக்கிறாள், எத்தனை பெட்டி, உடம்பு பெருத்ததா இளைத்ததா என்று ஒரு மாதம் அதே பேச்சு. அவளுக்குச் சவுதிக்காரி என்று பெயரும் வைத்தாயிற்று. தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனால்கூட எல்லாக் கண்ணும் அவள் பின்னால் போகும்.

நான் மூன்றாம் நாளே வெட்கமில்லாமல் குச்சிகளோடு போய் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக் காம்பராவில் ஆடிப் பார்த்தோம். அவளுக்குக் கை மறந்திருந்தது. நான் தட்டிய தட்டு அவள் விரல் முட்டியில் விழுந்தது. அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

“எனக்கு இது போச்சு புள்ள. வேற ஒண்ணு வந்திருக்கு. மொதல்ல கதவச் சாத்து.”

சாத்தினேன். அவள் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து இடுப்பில் கட்டினாள். விளிம்பு முழுக்க மெல்லிய தகர வட்டங்கள் தைத்திருந்தன. ஆட ஆரம்பித்தாள். தோளும் தலையும் அசையாமல் நிற்க, இடுப்பு மட்டும் சுளகில் அரிசி புடைப்பது போலத் துள்ளியது. பிறகு வயிறு மெல்லச் சுருண்டு விரிந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இது அசிங்கமா அழகா என்று தீர்மானிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அழகு என்று தீர்மானித்தேன்.

அங்கே கல்யாண வீட்டில் பெண்களுக்குத் தனி மண்டபமாம். ஆண்கள் யாரும் வர முடியாதாம். கதவைச் சாத்தியதும் பெண்கள் முக்காட்டை எடுத்துவிட்டு ஆடுவார்களாம். அவள் தட்டு ஏந்திக்கொண்டு சுவரோரம் நின்றிருக்கிறாள். ஒரு கிழவி வந்து தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்து நடுவில் இழுத்திருக்கிறாள்.

“நாலு வருசத்துல என் கையப் புடிச்ச ஒரே ஆளு அந்தக் கெழவிதான்” என்றாள்.

ஒன்றிரண்டு மாதத்தில் பழைய கோலாட்டக்காரிகளும் புதிதாகச் சிலருமாக ஏழு பேர் அவளோடு சேர்ந்துவிட்டார்கள். முதலில் “ஐயோ, என்னடி இது கூத்து” என்று முந்தானையால் முகத்தை மூடியவர்கள்தான். என் அக்கா எல்லோருக்கும் முந்தி வந்தாள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கையே இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். இந்த ஆட்டத்தில் முன்கூட்டியே தீர்மானித்த அடவு எதுவும் இல்லை. முன்னால் நிற்பவள் செய்வதைப் பின்னால் நிற்பவர்கள் அப்படியே செய்ய வேண்டும். அவள் குதிகாலைத் தூக்கினால் எல்லோரும் திரும்ப வேண்டும். திரும்பியதும் இப்போது யார் முன்னால் வருகிறாளோ அவள் நடத்துவாள். ஜோடி வேண்டாம், கணக்கு வேண்டாம்.

ஆனால் மேளம் வேண்டும். எங்கள் தோட்டத்தில் தப்படிப்பவர்கள் இரண்டு பேர், உடுக்கு ஒருவர். மூவரும் ஆண்கள். ஆண் இருந்தால் ஆட மாட்டேன் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். நான்தான் போய்த் தயங்கித் தயங்கிப் பெரிய தப்புக்காரரிடம் கேட்டேன், சுவருக்கு வெளியே உட்கார்ந்து அடிக்க முடியுமா என்று.

“வெளிய நின்னு அடிக்கிறது எங்களுக்கு என்ன புதுசா, ஆயம்மா?” என்றார் அவர். கோயில் வாசலிலும் சாவு வீட்டிலும் அவர்களை எங்கே நிற்க வைக்கிறோம் என்று எனக்குத் தெரியும். பிறகு அவரே, “வர்றோம்” என்றார்.

ஞாயிறு மூன்று மணிக்கு அவர்கள் வந்து பின்பக்கத் தாழ்வாரத்தில் உட்காருவார்கள். பனிமூட்டத்துக்குத் தோல் தளர்ந்துவிடும் என்பதால், பால் காய்ச்சும் அடுப்பிலிருந்து தணல் வாங்கித் தப்பைக் காய்ச்சுவார்கள். உள்ளே தொட்டில்களைச் சுருட்டி உத்தரத்தில் கட்டிவிட்டுப் பெண்கள் நிற்பார்கள். ஆட்டம் மாறுவது வெளியே தெரிய வேண்டுமே. அதற்கு நான். கதவை ஒரு சாண் திறந்து, அந்த இடைவெளியை என் உடம்பால் அடைத்துக்கொண்டு வாசற்படியில் நிற்பேன். அவள் குதிகால் எழும்பியதும் குச்சியால் கதவு நிலையில் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் வேகம், இரண்டு என்றால் நிதானம், மூன்று என்றால் நிறுத்தம்.

நீயும் ஆடு என்று அவள் பலமுறை கூப்பிட்டாள். நான் போகவில்லை. நான்கு வருடம் ஒருத்திக்காகக் காத்திருந்துவிட்டு, ஒன்பதாவது ஆளாகக் கடைசி வரிசையில் நிற்க எனக்கு மனம் வரவில்லை. அப்படிப்பட்ட புத்தி எனக்கு.

அந்த வருடக் கடைசியில் என் அக்காதான் சொன்னாள்: ஹட்டனிலிருந்து ஏஜென்சிக்காரர் வந்து போனாராம், அவள் மறுபடியும் சவுதிக்குப் போகலாமாம். என்னிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டதற்கு, “இன்னும் முடிவு பண்ணல” என்றாள். இங்கே இருக்க ஏதாவது ஒரு காரணம் கிடைத்தால் இருந்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. அந்தக் காரணத்தை நானே உண்டாக்கப் புறப்பட்டேன்.

திருவிழாவை நடத்தும் தோட்டத் தலைவரிடம் போய், “ஞாயித்துக்கெழம வந்து பாருங்க. திருவிழா மேடையில ஏத்தலாம்” என்றேன். ஊரே கைதட்டினால் அவள் எப்படிப் போவாள்? ஞாயிறு காலையில், தாழ்வாரப் பக்கத்துப் பலகை ஜன்னலின் கொண்டியைக் கழற்றித் தொங்கவிட்டேன். வெளியிலிருந்து தள்ளினால் திறந்துகொள்ளும்.

அன்றைக்கு ஆட்டம் எப்போதையும்விட நன்றாக இருந்தது. அவள் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றாள். பலகை திறந்த சத்தம் தப்புச் சத்தத்தில் கேட்கவில்லை. தலைவர் ஒன்பது பத்துப் பேரைக் கூட்டி வந்திருந்தார். அவள் குதிகாலைத் தூக்கினாள். நான் ஒரு தட்டுத் தட்டினேன். எட்டுப் பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள், நேரே அந்த முகங்களைப் பார்த்து. தலைவர் கைதட்டினார். மனதாரத்தான் தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

அவள் நின்றுவிட்டாள். அவர்களைப் பார்க்கவில்லை. கொண்டி தொங்கிய ஜன்னலைப் பார்த்தாள், பிறகு வாசற்படியில் குச்சியோடு நின்ற என்னைப் பார்த்தாள். துண்டை அவிழ்த்து மடித்தாள்.

எல்லோரும் போன பிறகு அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சரியாகியிருக்கும்.

“சவுதியில அந்த வீட்ல நான் எங்க நின்னாலும் ரெண்டு கண்ணு பின்னாலயே வரும் புள்ள. இங்க வந்தா ஊரே பாக்குது. ஒரே ஒரு கதவுதான் ஒங்கிட்ட கேட்டேன்.”

“நீ போயிருவேன்னுதான்…” என்று ஆரம்பித்தேன். போகாதே என்ற ஒற்றை வார்த்தையை நேராகச் சொல்லியிருக்கலாம் என்று அதற்கப்புறம் எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

இரண்டு மாதத்தில் போய்விட்டாள். நான் பிள்ளைக் காம்பராவைத் திறக்க வந்தபோது வாசற்படியில் என் சிவப்புக் குச்சி கிடந்தது. அவள் எடுத்துப் போயிருந்த குச்சி. அவளுடைய பச்சைக் குச்சியை அவள் திருப்பிக் கேட்கவில்லை. என்னிடம் மூன்று குச்சிகள் ஆயின.

ஆட்டம் நிற்கவில்லை, அதுதான் ஆச்சரியம். கொஞ்ச நாள் கழித்துப் பெண்கள் மறுபடி வந்தார்கள். ஏழு பேர். அந்த ஆட்டத்துக்கு ஏழும் சரிதான். ஜன்னலுக்கு ஆணி அடித்துவிட்டேன். வருடக்கணக்காக வாசற்படியில் நின்று, அவளுடைய பச்சைக் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தேன். மழைக்காலத்தில் பாதி உடம்பு நனையும், பாதி காயும்.

நான்கைந்து வருடம் போயிருக்கும். அவள் தங்கை ஒருநாள், “அக்கா ஒங்ககூடப் பேசணுமாம். ஞாயிறு பத்து மணிக்குக் கொட்டகலையில நானா கடைக்கு வரச் சொன்னிச்சு” என்றாள். தொலைபேசி வைத்திருந்த முஸ்லிம் கடைக்காரரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். எட்டரைக்கே போய் நின்றேன். நானா பலகையைப் போட்டு உட்காரச் சொன்னார். போன் வந்தது. மழை பெய்கிறதா, உன் அக்கா பிள்ளைகள் எப்படி என்று கேட்டாள். பிறகு,

“ஆட்டம் நடக்குதா?”

“நடக்குது.”

“கதவு?”

“சாத்தித்தான் இருக்கு. ஜன்னலுக்கு ஆணி அடிச்சிட்டேன்.”

ரிசீவரை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

“நீ எங்க நிக்கிற?”

“வாசப்படியில. அவங்களுக்குத் தட்டணும்ல.”

“இன்னுமா?” என்றாள். “உள்ள போடி.”

அவ்வளவுதான். நானா கடையில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். அவர் பிளேன்டீ போட்டுத் தந்தார்.

அன்று மூன்று மணிக்குத் தாழ்வாரத்துக்குப் போய்ப் பெரிய தப்புக்காரரிடம், இன்றைக்கு ஒருநாள் தட்ட ஆள் இல்லை, சமாளிப்பீர்களா என்று கேட்டேன். அவர் உடுக்குக்காரரைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரிப்பை அடக்கினார்கள்.

“நீங்க தட்டுறத நாங்க எங்கங்க ஆயம்மா கேக்கிறோம்? உள்ள மிதிக்கிற சத்தத்த வச்சே அடிச்சிருவோம். ரொம்ப நாளாச்சு. நீங்க சங்கடப்படுவீங்கன்னு சொல்லல.”

எனக்குக் கோபம் வந்தது. அதை விட்டால் வேறு என்ன வரும் எனக்கு. விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவை முழுதாகச் சாத்தித் தாழ் போட்டேன். என் அக்கா ஒரு படங்கை எடுத்து என் இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். கடைசி வரிசையில் நின்றேன். எட்டுப் பேர் ஆனோம்.

தப்பு சுவர் வழியாக உள்ளே வந்தது. கொஞ்ச நேரம் தடுமாறி, பிறகு கால் பிடித்துக்கொண்டது. முன்னால் நின்ற அக்கா குதிகாலைத் தூக்கினாள். எல்லோரும் திரும்பினோம். கடைசியில் நின்ற நான் இப்போது முதலில். எனக்கு முன்னால் வெறும் சுவரும், ஆணி அடித்த ஜன்னலும். என்ன செய்வது என்று தெரியவில்லை. யோசிப்பதற்குள் என் வலது கை தானாக எழுந்து, தோளுக்கு நேரே, அவள் குச்சி வரும் அந்த இடத்துக்கு நீண்டது. எதுவும் வரவில்லை. கை அப்படியே நின்றது.

பின்னால் வளையல் சத்தம் ஒன்றாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அதுவும் ஒரு அடவு என்று நினைத்து, ஏழு பேரும் வலது கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.