கொலோனில் ஒரு சினிமா, இரண்டு டிக்கெட்

படம் பார்க்க அறுநூறு கிலோமீட்டர் போவாயா என்று கேட்பீர்கள். போனேன். அக்டோபர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஜெர்மனியில் மியூனிக்கை ஒட்டிய கார்ஹிங்கிலிருந்து கொலோனுக்கு. ஜப்பானிய அடிதடிக் காமெடிப் படம். பள்ளி முடித்த இரண்டு பெண்கள் ஒரே அறையில் குடியேறி, பெரியவர்களாக வாழப் பழகும் கதை.

உண்மையில் நந்தினியைப் பார்க்கத்தான் போனேன். இரண்டு வருடம் என்னோடு ஒரே வீட்டில் இருந்தவள், வேலை கிடைத்துக் கொலோனுக்குப் போனாள். "ஆறு மாசம் பார்க்கிறேன், செட் ஆகலைன்னா திரும்பி வந்துடுவேன்" என்று சொல்லியிருந்தாள். அந்த ஆறு மாதம் முடிந்துவிட்டது. அவள் அறையை யாருக்கும் விடாமல் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொல்லி வீட்டுக்காரர் கெடு வைத்துவிட்டார். நேரில் கேட்டுவிடலாம் என்று நினைத்து, படத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன்.

காலை 6.40க்கு யூ-பான் என்கிற மெட்ரோ, 7.50க்கு மியூனிக்கில் விரைவு ரயில். முன்பதிவில் போக 39.99, வர 47.99 யூரோ. ரயில் சரியான நேரத்துக்குக் கிளம்பியதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன். என் சகுன ஞானம் அவ்வளவுதான். மன்ஹைம் தாண்டும்போது நந்தினியிடமிருந்து செய்தி: "சாரி டி, ஆபீஸ் கேங்கோட ஆம்ஸ்டர்டாம் பிளான் ஆயிடுச்சு. நெக்ஸ்ட் டைம் ஷ்யூர்!" கூடவே சிரிக்கும் முகம் ஒன்று. மீதிப் பயணம் முழுக்க ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ரைன் நதி அழகு என்கிறார்கள். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

12.20க்குக் கொலோன். படம் 2.30க்கு. தியேட்டர் வாசலில் நின்று தங்கைக்குப் போனில் புலம்பினேன்: "ஒரு டிக்கெட் வேஸ்ட்டு!" பக்கத்தில் நின்ற பெண் திரும்பினாள்.

"அக்கா, நீங்கள் தமிழோ? அந்த டிக்கெட்டை எனக்குத் தருவீங்களோ? உள்ளுக்க இடமில்லை எண்டு சொல்லிப்போட்டினம்."

பெயர் சஹானா. பத்தொன்பது வயது. பிறந்தது இங்கேயே, பெற்றோர் யாழ்ப்பாணம். தாதி வேலைக்கு ஆஉஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி படிக்கிறாள். பதினொரு யூரோவை எண்ணிக் கையில் வைத்துவிட்டு, நந்தினியின் இருக்கையில் வந்து உட்கார்ந்தாள்.

டிக்கெட்டில் 'ஓஎம்யூ' என்று இருந்ததைப் பார்த்து, திரையின் கீழே ஆங்கில எழுத்து வரும் என்று நினைத்திருந்தேன். வந்ததோ ஜெர்மன். பாதிதான் புரிந்தது. ஆனால் அந்தப் பெண்கள் ரவுடிகளைப் பந்தாடிவிட்டு, வாடகைப் படிவத்தின் முன்னால் முழிப்பது புரிய மொழி தேவைப்படவில்லை. "அடிபிடி எல்லாம் வருது, அன்ட்ராக் நிரப்பத்தான் தெரியேல்லை" என்று சஹானா விழுந்து விழுந்து சிரித்தாள்.

கடைசியில் ஒருத்தி பெட்டியோடு வாசலில் நின்று ஏதோ சொல்கிறாள். கீழே ஜெர்மனில், 'நான் போறேன்.' எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"அழாதீங்கோ அக்கா. எழுத்தைப் பிழையாப் போட்டிருக்கினம். நான் யப்பான் பாஷை படிக்கிறனான். அவா 'போட்டு வாறன்' எண்டுதான் சொல்லுறா."

எங்கள் வீட்டில் 'போறேன்' என்றால் அம்மா வாசலிலேயே நிறுத்தி 'போயிட்டு வரேன்' என்று சொல்ல வைப்பாள். நந்தினி கார்ஹிங் ஸ்டேஷனில் "போறேன் டி" என்றுதான் சொன்னாள். நான் திருத்தவில்லை.

வெளியே வந்ததும் சஹானாவுக்கு டிராம் வந்துவிட்டது. "போட்டு வாறன் அக்கா" என்று ஓடிப்போய் ஏறினாள். என் போன் நம்பர்கூட அவளிடம் இல்லை.

5.20 ரயிலுக்கு முன் நடைமேடையிலிருந்து நந்தினியை அழைத்தேன். பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம்.

"ரூமை என்ன பண்றது டி?"

"நீ இன்னுமா அந்த ரூமை வச்சிருக்க?"

அவளுக்கு நிஜமாகவே ஆச்சரியம். அதுதான் வலித்தது.

போகிறவர்களுக்கு: ஓஎம்யூ என்றால் ஜெர்மன் எழுத்து. ஆங்கிலம் வேண்டுமானால் நடுவில் ஒரு 'இ' இருக்கிறதா என்று பாருங்கள். ரயில் டிக்கெட்டை மூன்று வாரம் முன்பே எடுங்கள். சினிமா டிக்கெட் ஒன்று போதும்.

இன்னொன்று. கார்ஹிங்கில், யூ-பானிலிருந்து நடந்து ஏழு நிமிடத்தில், பெண்களுக்கு ஓர் அறை காலி. கிழக்குப் பார்த்த ஜன்னல், மேஜை உண்டு. ஒரே நிபந்தனை: வெளியே கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்று சொல்ல வேண்டும்.