ஹாரன் அடிச்சா பாட்டு நின்னுடும்

போன வாரம் செங்கல்பட்டில் புதுக் கார் எடுத்தோம். மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சாவி கையில் வருகிற நேரத்தில் என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? டேஷ்போர்டின் ஓரத்தை நகத்தால் நோண்டிக்கொண்டிருந்தார். ஸ்க்ரூ எங்கே இருக்கிறதென்று தேடுகிறாராம். ஷோரூம்காரர் பதறிப்போய், "சார், எல்லாம் ஒரே ஸ்கிரீன் சார். ஒரு வயரைத் தொட்டாலும் வாரண்டி போயிடும்" என்றார். பெற்ற பிள்ளையைத் தொடாதே என்று சொன்னதுபோல முகம் வைத்துக்கொண்டார் இவர். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

புதுக் காரின் பிளாஸ்டிக் வாசனை எல்லோருக்கும் பிடிக்குமாம். எனக்கு அதில் ஒன்று குறைகிறது. உருகின ஈயமும் கருகின வயரும். கல்யாணமான புதிதில் எங்கள் உத்திரமேரூர் வீட்டு வாசலே அந்த வாசனையாகத்தான் இருக்கும். அவர் சவாரிக்கு ஓட்டிக்கொண்டிருந்த பழைய காரில், வாங்கும்போதே இருந்த கம்பெனி செட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சி.டி. பாடுகிற புதுச் செட், கதவுக்குக் கதவு ஸ்பீக்கர், டிக்கியை அடைத்துக்கொண்டு ஒரு ஊஃபர் பெட்டி என்று பூட்டினார். அதற்கப்புறம் டிக்கியில் ஒரு தேங்காய் வைக்க இடமில்லை. நான் கொண்டுவந்த சீர்ப் பாத்திரம் பாதி மூட்டை பிரிக்காமல் கிடக்கிறது, அய்யாவுக்கு ஸ்பீக்கர் மூடியைப் பற்றித்தான் கவலை!

அந்தக் காரால்தான் என்னைப் பெற்ற நைனா அவரிடம் பேசாமல் இருந்தார். கல்யாணத் தரகர், "மாப்ளைக்கு சொந்தக் கார் கீது" என்று மட்டும் சொல்லி வைக்க, நைனா ஏதோ பெரிய இடம் என்று நினைத்துவிட்டார். அது சவாரி வண்டி என்பது தாலி ஏறின பிறகுதான் தெரிந்தது. நைனா திருமுக்கூடல் குடியானவர். கோபம் வந்தால் கத்த மாட்டார், பேச்சை நிறுத்திவிடுவார். மறுவீட்டு விருந்தில் எதிர் இலையில் உட்கார்ந்துகொண்டு என்னிடம், "அவருக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்கிறார். இவர் என்னிடம், "போதும்னு சொல்லு" என்கிறார். நடுவில் நான் தபால்காரி. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. ரெண்டு பேரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும் என்று நான் வேண்டாத சாமி இல்லை.

தலைப் பொங்கல் வந்தது. மாட்டுப் பொங்கலன்று காலையில் திருமுக்கூடலுக்குக் கிளம்பினோம். ஊரைத் தாண்டவில்லை, ஒரு ஆடு குறுக்கே வந்தது. இவர் ஹாரன் அடித்தார். பாட்டு பொசுக்கென்று நின்று, செட்டில் நீல எழுத்தில் 'வெல்கம்' என்று ஓடி, முதல் பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. பழைய பேட்டரி பாவம், இத்தனை ஸ்பீக்கரோடு ஹாரனையும் எப்படித் தாங்கும்? அடுத்து ஒரு சைக்கிள். வெல்கம். ரோட்டில் நெல் காயவைத்தவர்கள். வெல்கம். பாடுகிறவர் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து ஒரு எருமை வந்துவிடும்.

"இன்னாங்க இது பேஜாரு?" என்றேன்.

"ஒண்ணியும் இல்ல. நான் ஹாரன் அடிக்கல. நீ தலைய வெளிய நீட்டி, ஓரம் போ, ஓரம் போன்னு சொல்லிக்கினே வா."

"நானா? புதுப் பொண்ணுங்க நானு!"

"வாய் கீது இல்ல?"

இருந்தது. பட்டுப்புடவை, தலை நிறையக் கனகாம்பரம், டிக்கியில் இடமில்லாததால் மடியில் ஒரு பரங்கிக்காய். இந்த லட்சணத்தில் வழி முழுக்க, "யோவ், ஓரம் போ! யக்கா, கோழியப் புடி!" என்று கத்திக்கொண்டு போனேன். ரோட்டில், சாமி பார்வேட்டைக்கு எழுந்தருளுவதைப் பார்க்கப் போகிற கூட்டம் வேறு. முதலில் கூச்சமாக இருந்தது. அப்புறம், உங்களிடம் சொன்னால் என்ன, எனக்கு ருசி கண்டுவிட்டது.

திருமுக்கூடலில் எங்கள் தெரு முனையில், நட்டநடு ரோட்டில், கொம்புக்குச் சாயம் பூசின காளை ஒன்று நின்றது. அதன் பின்னால் யாரோ குனிந்து குளம்பு கழுவிக்கொண்டிருந்தார். முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"யார்யா அது, நடு ரோட்ல மாட்ட நிறுத்திக்கினு? அறிவு கீதா இன்னா?" என்றேன், முழுத் தொண்டையில்.

நிமிர்ந்தவர் நைனா.

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பரங்கிக்காயைப் பிளந்து உள்ளே புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது எனக்கு. நைனா என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காரைச் சுற்றிக்கொண்டு போய் அவரிடம் நேராக, "இன்னா மாப்ள, வண்டில ஹாரன் இல்லியா?" என்றார்.

"கீது மாமா. அடிச்சா பாட்டு நின்னுடும்."

"அதுக்கு எம் பொண்ண கத்த வுட்டீங்களா?"

இவர் தலையைச் சொறிந்தார்.

"அப்டி இன்னா பாட்டு அது? போடுங்க, பார்ப்போம்."

நைனா காளையின் கயிற்றை என் கையில் திணித்துவிட்டு, ஈரக் காலைத் துண்டால் துடைத்துக்கொண்டு, என்னை இறக்கிவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு மாமனாரும் மாப்பிள்ளையும் பாட்டு கேட்கிறார்கள். தலைப் பொங்கலுக்கு வந்த மகள் நான், வெளியே பட்டுப்புடவையில் மாடு பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஒருவழியாகக் கண்ணாடி இறங்கியது. முடிந்தது என்று பார்த்தால், "இன்னொருக்கா போடுங்க மாப்ள" என்கிறார் நைனா! காளையைக் கட்டிக்கொண்டு அழலாம் போல அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அதற்கப்புறம் என்னை யார் கண்டுகொண்டார்கள்? புதுப் பேட்டரி போட்டோம், ஹாரனும் பாட்டும் ராசியாகிவிட்டன. ஆனாலும் எங்கள் தெருவுக்குள் நுழையும்போது நான் தலையை நீட்டி, "ஓரம் போ!" என்று ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டால்தான் நைனா துண்டை உதறிக்கொண்டு வாசலுக்கு வருவார். வந்ததும் முன் சீட்டில் ஏறிக்கொள்வார்.

பின்னால் அந்தக் காரையும் விற்றோம். வாங்கினவருக்குக் கம்பெனி செட்தான் வேண்டுமாம். பரணில் கிடந்ததைத் தூசி தட்டிப் பூட்டிக் கொடுத்தார் இவர். நெல் காய்ந்த ரோடும் இப்போது அகலமாகிவிட்டது. அதில் எருமை எங்கே வருகிறது?

விற்பதற்கு முன்னால், நைனா தவறிப்போன அன்றைக்கும் அந்தக் காரில்தான் போனோம். இவர் செட்டைத் தொடவில்லை. வழியெல்லாம் ஹாரனை அடித்துக்கொண்டே ஓட்டினார். எங்கள் தெரு முனையில் ஊர் ஜனம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. நான் பழக்கத்தில் தலையை வெளியே நீட்டிவிட்டேன். குரல் வரவில்லை. என் முகத்தைப் பார்த்து அவர்களாகவே ஓரம் போனார்கள்.