கண்ட்ரோல் காலத்துக் கை

எங்கள் வீட்டில் கண்ட்ரோல் என்றால் ரேஷன். என் மாமியார் சிறுமியாக இருந்தபோது நடந்த யுத்தத்தில் பர்மா அரிசி வரத்து நின்று, சர்க்கரையும் மண்ணெண்ணெயும் அளந்து கொடுக்கப்பட்டதே, அந்த நாட்களுக்கு அவர் வைத்திருந்த பெயர் அது. யுத்தம் எப்போதோ ஓய்ந்துவிட்டது. அவருடைய அம்மாவின் கை மட்டும் ஓயாமல் இவர் கைக்குள் புகுந்து, கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் சமையலறைவரை வந்துவிட்டது. பிளேடால் தீக்குச்சியை நெடுக்காகப் பிளப்பார். நான் வாங்கிவந்த லைட்டர் அட்டைப்பெட்டியிலேயே தூங்கியது. சோறு அரைவேக்காட்டில் இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட்டு, "மீதி அதுவே வெந்துக்கும்" என்பார்.

மேடவாக்கம் பக்கமெல்லாம் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நான் மின்சார ரயிலில் நின்றே வந்து, கால் கடுக்க வீடு சேர்ந்து, அடுப்பைப் பற்றவைப்பேன். அவர் அணைப்பார். பற்றவைப்பேன். அணைப்பார். இப்படியே எனக்கு நரைத்தது.

அப்போதுதான் அவருக்கு ரத்தக்கொதிப்பு வந்தது. வந்தது இறங்கவே இல்லை. அவருடைய அக்கா இதே கொதிப்பில் கைகால் விழுந்து படுத்தவர்; பிறகு எழவில்லை. இவரும் அப்படி விழுந்துவிடுவாரோ என்று ஆபீஸில் போன் அடித்தாலே ஓடிப்போய் எடுப்பேன். உப்பைக் குறைத்தாயிற்று. மாத்திரையும் போட்டுக்கொள்கிறாராம். கடைசியில் டாக்டர் இரண்டு மடங்கு வீரியமுள்ள மாத்திரை எழுதி, "இனிமே நீங்களே கையில குடுங்கம்மா" என்றார் என்னிடம்.

கொடுத்தேன். சில நாளிலேயே, ஒரு காலை, குழாயடியில் சுவரைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்ன அத்தை பண்ணுது?"

"தலை சுத்துதும்மா. நீ பாட்டுக்கு முழுசு முழுசாக் குடுக்கற. எனக்குப் பழக்கமில்ல."

"முழுசுன்னா?"

"எப்பவும் பாதிதானே போட்டுப்பேன். டாக்டர்தானே கண்ட்ரோல்ல வெச்சுக்கச் சொன்னாரு?"

ஈரத்தரையில் நானும் உட்கார்ந்தேன். கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

ஆட்டோ பிடித்துப் போனோம். டாக்டர் கதையைக் கேட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அப்ப ஆரம்பத்துல எழுதின அளவே போதும். ஆனா ஒழுங்காப் போடணும். வீட்ல புது மாத்திரை மீதி இருக்குல்ல? அதையே பாதியா உடைச்சுக் குடுங்க."

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆட்டோவில் ஏறும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"நான் ஒடச்சா தப்பு. அவரு ஒடச்சா வைத்தியம்!"

"அது வேற பாதி, அத்தை."

"பாதின்னா பாதிதான், போடி."

விளக்கத் தொடங்கி, விட்டுவிட்டேன். கொதிப்பு மெல்ல அடங்கியது. தினமும் ரயிலுக்கு ஓடுமுன் நான் மாத்திரையை உடைப்பேன். இரண்டு துண்டும் சமமா என்று பக்கத்திலேயே நின்று பார்ப்பார். சிந்திய தூளை ஒற்றை விரலால் ஒற்றி நாக்கில் வைத்துக்கொள்வார்.