விரலளவு திறந்த ஜன்னல்

மரகதம் காலமான செய்தியை அவள் மகள் தொலைபேசியில் சொன்னபோது நான் காலைக் காபிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். "ஆன்ட்டி, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க. உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்" என்றாள். எனக்கு முதலில் சொன்னது முறைதான். அடுப்பை அணைத்துவிட்டுப் படுக்கையறைக்குப் போய் ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்தேன். திறந்திருந்தது. அதன் பிறகுதான் உட்கார்ந்து அழுதேன்.

மொன்றியலில் அவளை அறிந்த உங்களில் பலருக்கு அவளுடைய பாட்டும் நவராத்திரிக் கொலுவும் நினைவுக்கு வரும். எனக்கு வருவது எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கனடாக் குளிர்காலம். டோர்வலில் அவள் வீட்டு வாசலில் நின்ற எங்கள் டிரெய்லர்.

செயின்ட்-மிஷேலில் இருந்த வாடகை வீட்டை நாங்கள் காலிசெய்துவிட்டோம். புவாண்ட்-கிளேரில் வாங்கிய புது வீட்டில் வேலை முடியவில்லை. கேட்கும்போதெல்லாம் கட்டடக்காரர் "அடுத்த வாரம்" என்றார். கோடையில் ஏரிக்கரைகளுக்குப் போவதற்காக என் கணவர் பழைய டிரெய்லர் ஒன்று வாங்கியிருந்தார். காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சின்ன வீடு. உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, ஹீட்டர் எல்லாம் உண்டு. மரகதம் தன் வீட்டு மாடியறையை ஒழித்து வைத்து எங்களைக் கூப்பிட்டாள். கைக்குழந்தையோடு இன்னொருத்தி வீட்டில் தங்கி, அவள் சமையலறையில் கரண்டிக்கு அனுமதி கேட்டு நிற்பது என் வளர்ப்பில் இல்லை.

"நிறுத்த இடம் மட்டும் குடு. கூரை எங்ககிட்டயே இருக்கு" என்றேன்.

"சரி மகாராணி, அரண்மனையைக் கொண்டு வந்து நிறுத்துங்க" என்று சிரித்தாள்.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. கணவரின் பழைய வேட்டிகளைக் கிழித்து ஜன்னல் இடுக்கு, கதவிடுக்கு எல்லாவற்றையும் அடைத்தேன். கூரையில் இருந்த காற்றுத் துவாரத்தில் ஒரு தலையணையைத் திணித்தேன். டிரெய்லரைச் சுற்றி விழும் பனியை என் கணவர் தினமும் தள்ளித் துப்புரவாக வைத்தார். காலையில் இட்லி, மதியம் சோறு, குறுக்கே கட்டிய கயிற்றில் குழந்தையின் துணிகள். முதல் சில நாட்கள் உள்ளே நல்ல கதகதப்பு. எனக்குப் பெருமையாகவே இருந்தது.

பிறகு சுவர் வியர்க்கத் தொடங்கியது. கூரையிலிருந்து சொட்டியது. பட்டுப் புடவைகளில் பூஞ்சை வாடை. ஒரு நாள் காலையில் குழந்தையின் போர்வையை எடுக்கப் போனால், அது சுவரோடு ஐஸாக ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. குழந்தைக்கு இருமல் பிடித்துவிட்டது.

"போதும் லலிதா. மரகதம் வீட்டுக்கே போயிடலாம்" என்றார் கணவர். குழந்தைக்கு முன்னால் என் வீம்பு எம்மாத்திரம்? ஆனால் அந்த வீட்டுப் படியை எந்த முகத்தோடு ஏறுவது? துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது மரகதம் கதவைத் தட்டிக்கொண்டு வந்தாள்.

சுவரில் விரலை ஓட்டிப் பார்த்தாள். தலையை நிமிர்த்திக் கூரையில் இருந்த தலையணையைப் பார்த்தாள். "ஏண்டி, இது டிரெய்லரா, இட்லிப் பானையா? மூடியைப் போட்டுக்கிட்டு நீயே உள்ள உக்காந்திருக்க!"

அவள் கணவர் டாக்டர். முதலில் வேலை பார்த்தது வடக்கே ஒரு சுரங்க ஊரில். அங்கே பல குளிர்காலங்களைப் பார்த்தவள். தலையணையை இழுத்துப் போட்டாள். வேட்டிக் கிழிசலை உருவிவிட்டு ஜன்னலை ஒரு விரலளவு திறந்தாள்.

"குழந்தைக்குக் குளிராதா?"

"குளிருக்கு ஹீட்டர் இருக்கு. ஈரத்தை விரட்ட முடியாது, அதுக்கு வழிதான் விடணும். கேஸ் அடுப்பு எரியற இடத்தை இப்படியா அடைப்பாங்க? எல்லாருமா மூச்சு முட்டிப் போயிருப்பீங்க."

கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடச் சொன்னாள். பிறகு வெளியே எட்டிப் பார்த்து, "சார், பனியை ஏன் தள்றீங்க? வண்டியைச் சுத்திக் கரை மாதிரி கட்டுங்க. அடியில காத்து ஓடாது" என்றாள். என் கணவர் விமான நிலையத்தில் பொறியாளர். கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்று மண்வாரியை எடுத்துக்கொண்டு போனார்.

அவள் வீட்டுக்குக் கூப்பிடப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். பாதி நிரம்பிய பையை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, காலாலேயே அதை இருக்கைக்கு அடியில் தள்ளினாள்.

"துணியை எங்க பேஸ்மென்ட்ல காயப்போடு. இட்லியை என் அடுப்புல வை. உபகாரம்னு நெனச்சுக்காத. மாவு உன்னுது, அடுப்பு என்னுது, இட்லி பாதிப் பாதி."

அது நியாயமான ஏற்பாடு. ஒப்புக்கொண்டேன். தினமும் மாவுப் பாத்திரத்தோடு பனியில் நடந்து போய், இட்லித் தட்டோடு திரும்பினேன். சுவர் உலர்ந்தது. இருமலும் நின்றது.

பொங்கலை டிரெய்லரிலேயே வைத்தோம். பால் பொங்கினால் ஆவி கிளம்பும் என்று கதவைப் பாதி திறந்து வைத்தேன். மரகதத்தின் குடும்பம் முழுவதும் கோட்டும் தொப்பியுமாகக் குறுகிய பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

"அரண்மனையில வேற நாற்காலி கிடையாதா?" என்றாள்.

"விருந்தாளி குறை சொல்லக்கூடாது" என்றேன். அவள் இரண்டாம் முறையும் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டாள்.

பனி கரைவதற்கு முன் எங்கள் வீட்டுக்குப் போய்விட்டோம். அந்த மாடியறையில் நான் ஒரு நாளும் தங்கவில்லை. ஏன் என்று அவளும் ஒரு நாளும் கேட்கவில்லை.

என் கணவர் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. இப்போது மரகதமும் இல்லை. அன்று இருமிய குழந்தைக்கே தலை நரைத்துவிட்டது. நடுக் குளிர்காலத்தில் வந்து என் ஜன்னலைப் பார்த்துவிட்டு, "தெருவையே சூடுபண்றியாம்மா?" என்று மூடப் போகிறாள். நான் விடுவதில்லை. மரகதம் எனக்குத் திறந்து கொடுத்தது அது. நான் இருக்கும்வரை திறந்திருக்கும்.