பாதி மலை தனகோடி

அரிசி மூட்டைக்குக் குல்லா போட்டு, அதன் கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் லேசாகத் தட்டி, "போலாமா ஜி.எம்.?" என்று கேட்டுவிட்டுத்தான் தனகோடி காரை எடுப்பார்.

மூட்டை பின்சீட்டில், பழைய புடவையால் கட்டப்பட்டு, சாய்ந்தாற்போல் உட்கார்ந்திருக்கும். பேத்தி இதழினி என்ன எடையோ அதே எடை. தடுப்பூசி போடப் போகும்போதெல்லாம் குழந்தையை நிறுத்துச் சொல்வார்களே, அன்று சாயங்காலமே மூட்டையில் ரெண்டு பிடி அரிசி கூடும். முன்சீட்டில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர். வடக்குத்து கிராமத்தில் அவர் வீட்டுக்குப் பின்னால், எந்தக் காலத்திலோ நிலக்கரிச் சுரங்கத்தில் வெட்டிக் கொட்டிய மண்மேடு ஒன்று மரம் முளைத்துக் கிடக்கிறது. அதன் மேல் லாரி போன தடம் இருக்கிறது. குண்டும் குழியுமான அந்தத் தடத்தில் அவருடைய பழைய மாருதி கார் முனகிக்கொண்டு ஏறி இறங்கும். தண்ணீர் சிந்தினால் மூட்டையிடம் மன்னிப்புக் கேட்பார்.

காலை ஷிப்டுக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளிப் பெண்களுக்கு இது தினசரி வேடிக்கை. அதில் வீராயிக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"இன்னா தாத்தா, புள்ளைக்கித் தடுப்பூசி போட்டாச்சா?"

"போட்டாச்சு, போட்டாச்சு. பொன்னி அரிசிம்மா, காய்ச்சலே வராது."

"நைட்டு அழுவுதா?"

"புழுங்கல் அழுவாது. பச்சரிசியா இருந்தா கொஞ்சம் நை நைன்னும்."

சிரித்துவிட்டுப் போவார்கள். அவரும் சிரிப்பார். தன்னைப் பார்த்து ஊர் சிரிப்பதற்கு முன் தானே சிரித்துவிடுவது தனகோடியின் பழக்கம். அதற்கு வேண்டிய சரக்கும் அவரிடம் நிறைய இருக்கிறது.

சர்வீஸ் முழுக்க மைன்ஸில் ஜீப் ஓட்டியவர். அதிகாரிகளைப் பின்னால் உட்கார வைத்து, தட்டுத் தட்டாக வெட்டியிருக்கும் பள்ளத்தில் இறங்கி, நிலக்கரி கண்ணில் படும் அடிமட்டம் வரைக்கும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டவர். அவர் ஜீப்பில் வராத அதிகாரி இல்லை. அதனால்தான் பேத்தி பிறந்த அன்றே அவளுக்கு ஜி.எம். பதவி கொடுத்துவிட்டார். "இவங்கதான் கடைசி ஆபீசரு. இவங்களுக்கு மேல யாரும் கெடையாது," என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று ஆயாக்களுக்கெல்லாம் அறிவித்தார். ஜி.எம். கொட்டாவி விட்டார். "பாத்தியா, மீட்டிங்குல இருந்து வந்தவங்க மாரியே கீறாங்க!"

மைன்ஸ் அவரை விடவில்லை. வண்டி எடுக்க ஒரு ஹாரன், முன்னால் போக ரெண்டு, பின்னால் வர மூணு என்பது அங்கே சட்டம். மந்தாரக்குப்பம் பஜாரிலும் அப்படியே அடித்து ஆட்டோக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். ரேஷன் கடை வரிசையில் ஒரு அடி பின்னால் நகர வேண்டியிருந்தால்கூட மூன்று முறை தொண்டையைச் செருமிவிட்டுத்தான் நகர்வார்.

ரிட்டயர் ஆனதும் பிடித்தது மலைப் பைத்தியம். உடன் ஓய்வு பெற்றவர்கள் நாலு பேர் சேர்ந்து மலை மலையாகக் கிளம்பினார்கள். "மலைன்னா இன்னா? கவுத்துப் போட்ட மைன்ஸ். நமக்குத் தெரியாதா?" என்று முதல் ஆளாய்க் கிளம்பியவர் இவர்தான். பர்வதமலையில், செங்குத்துப் பாறையில் இரும்புக் கம்பி அடித்து வைத்த கடப்பாரைப் படி வரைக்கும் போனார். சங்கிலியைப் பிடித்தார். கீழே பார்த்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டவர், சங்கிலியையும் விடவில்லை, ஏறவும் இல்லை. "எனக்கு முன்னாடி போன கூட்டம் சாமி பேரச் சொல்லிகினு ஏறிச்சி. பின்னாடி வந்த கூட்டம் என் பேரச் சொல்லி இன்னா இன்னாவோ சொல்லிச்சி," என்பார். வெள்ளியங்கிரியில் ரெண்டாவது மலையிலேயே சுக்குக் காப்பிக் கடையில் உட்கார்ந்துவிட்டார். நண்பர்கள் உச்சியைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தபோது கடைக்காரன் ஒரு ஓரமாய்த் தூங்கிக்கொண்டிருந்தான். காப்பி ஆற்றிக்கொண்டிருந்தது தனகோடி.

"எந்த மலைன்னாலும் கீழ்ப் பாதிய எங்கிட்ட கேளுங்க. மேல் பாதிக்கு வேற ஆளப் பாருங்க," என்று அவரே சொல்லித் திரிந்ததில் பட்டப் பெயரும் அவரே வைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. பாதி மலை தனகோடி.

சிரிக்க முடியாத பாதி ஒன்று மட்டும் இருந்தது. ஒரே மகள் சத்யப்பிரியா, விருத்தாசலம் கல்லூரியில் உடன் படித்த விஜயராஜைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை கல்வராயன் மலைக்காரர், அங்கேயே பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணம் கீழே நடந்தது. மறுவீட்டுக்குப் பஸ்ஸில் மலையேறிய தனகோடி, வளைவுகளில் பாதி தாண்டியதும் தலை சுற்றி, ஒரு சிறு பாலத்தருகே இறங்கி உட்கார்ந்துவிட்டார். மனைவி புஷ்பவல்லி மட்டும் சீர்த்தட்டோடு மேலே போனாள். அவர் எதிர்ப் பஸ்ஸில் ஊர் திரும்பினார். அதோடு ரெண்டு வருஷம். மகள் வாழும் வீட்டு வாசலை அவர் இன்னும் மிதிக்கவில்லை.

இப்போது தாய்வீட்டில் பெற்றெடுத்த பிள்ளையைத் தகப்பன் வீட்டுக்குக் கொண்டுபோய் விடவேண்டும். அவர்கள் வழக்கத்தில் தாய்மாமன்தான் குழந்தையைத் தூக்கிப்போய் அந்த வாசலில் ஒப்படைக்க வேண்டும். சத்யப்பிரியாவுக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. தனகோடியின் அண்ணன் மகன் சிலம்பரசன் மந்தாரக்குப்பத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கிறான், பெரிய வண்டி, ஏ.சி. "நான் கொண்டும்போயி வுட்டுட்டு வந்துடறேன் சித்தப்பா. நீங்க வூட்டுல குந்திகினு வீடியோ கால்ல பாருங்க," என்று நல்ல மனதோடுதான் சொன்னான்.

தனகோடி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். "தாய்மாமன் இல்லாத வூட்டுல தாத்தாதான் தாய்மாமன். நாந்தான் ஓட்டுவேன், நாந்தான் தூக்குவேன்," என்றார்.

"எந்தப் பாதி வரிக்கும்?" என்று கேட்டாள் புஷ்பவல்லி.

அன்றுதான் அரிசி மூட்டை காரில் ஏறியது.

டயர் கடை நைனா முகமது அவருக்குப் பால்ய சிநேகிதர். காருக்கு வேண்டிய வேலை பார்த்தவரும் அவர்தான். "ஏம்ப்பா, மலை ஏறப் போறவன் பிரேக்க மாத்துவான், கிளச்ச மாத்துவான். நீ இன்னாடான்னா புது ஹாரன் வேணுங்கிற?"

"பிரேக்கு நீ பாத்துக்குவ நைனா. ஹாரன்தான் எனக்குத் தைரியம்."

"அப்ப அத எஞ்சின்ல மாட்டாத. ஒன் நெஞ்சில மாட்டிவுடறேன், குந்து."

சத்யப்பிரியா, கிளம்பும் நாள் வந்ததும் சிலம்பரசனுக்குப் போன் போட்டு, "நீ வண்டியோட ரெடியா இருண்ணா, எதுக்கும்," என்றாள். அதைத் தனகோடி கேட்கும்படியாகத்தான் சொன்னாள்.

விருத்தாசலம், கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் வரைக்கும் சமதரை. தனகோடி பாட்டுக்கூடப் பாடினார். அடிவாரம் வந்ததும் பாட்டு நின்றது. முன்னால் புஷ்பவல்லி, பின்னால் மடியில் ஜி.எம்.மோடு மகள். ஒவ்வொரு வளைவுக்கும் ரெண்டு ஹாரன். எதிரே வந்த பஸ் டிரைவர், யாரோ தெரிந்தவர் என்று நினைத்துப் பதிலுக்கு ரெண்டு அடித்தார்.

"அய்ய, எம்மாம் பெரிய பள்ளம்! பஞ்சு மாரி மேகம், கீழ பாருங்களேன்!" என்றாள் புஷ்பவல்லி.

"நீ பாத்துச் சொல்லு. நான் தாரப் பாத்துகினு வரேன்."

மேகம், மூங்கில், மரத்தில் தொங்கும் பலா, மரவள்ளிக் கொல்லை எல்லாவற்றையும் புஷ்பவல்லிதான் பார்த்தாள். அவர் பார்த்தது தார், அதன் நடுவில் வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்தச் சிறு பாலம் வந்தது.

"இதானே ஒங்க எல்லை?" என்றாள் மனைவி.

தனகோடி கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். "ஜி.எம்., தாண்டலாமா?" ஜி.எம். தூங்கிக்கொண்டிருந்தார். "மேலிடம் ஒண்ணும் ஆட்சேபிக்கல," என்று சொல்லி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டிவிட்டார்.

வெள்ளிமலையிலிருந்து பிரியும் பாதையில் தார் முடிந்தது. மழை அரித்த கப்பி ரோடு. கார் ஆடி ஆடிப் போனது. கடைசியில், ஒரு மரவள்ளிக் கொல்லையைத் தாண்டியதும், செங்குத்தாய் ஒரு மேடு. மேட்டின் தலையில் ஓட்டு வீடு. வாசலில் ஆரத்தித் தட்டோடு மாப்பிள்ளையின் அம்மா சின்னம்மாள், பக்கத்தில் விஜயராஜ், சுற்றிலும் சொந்தக்காரர்கள்.

முதல் கியரில் ஏறினார். முன்சக்கரம் ரெண்டும் சரளையில் சுற்றின. எஞ்சின் கத்தியது. கார் பாதி மேட்டில் நின்று, யோசித்து, மெதுவாக வழுக்கிக்கொண்டு அடிக்கே வந்துவிட்டது. ரெண்டாம் முறையும் அதே. இடது பக்கம் பள்ளம். தெரியாத்தனமாகத் தனகோடி அதைப் பார்த்துவிட்டார்.

கைப்பிரேக்கை இழுத்தார். புஷ்பவல்லி கதவைத் திறந்து இறங்கிக்கொண்டாள்.

"நீயும் எறங்கும்மா," என்றார் மகளிடம். "புள்ளைய எடுத்துகினு நடந்துடுங்க. மாப்ள வந்து வாங்கிக்குவாரு. நான் இங்கியே..."

"இங்கியே?"

அவர் ஸ்டியரிங்கைத் துடைத்தார்.

சத்யப்பிரியா இறங்கவில்லை. "நான் எறங்கினா நீ இங்கியே குந்திடுவ. ஒன்ன எனக்குத் தெரியாதா? சொல்லு, மைன்ஸ்ல மழை பேஞ்சி சேறாக் கெடந்தா இன்னா பண்ணுவீங்க?"

"அது வேறம்மா. அங்க ஏறலன்னா, வண்டியத் திருப்பிப் போட்டு ரிவர்ஸ்ல ஏத்துவோம். ரிவர்ஸ் கியருக்குத்தான் இழுவ ஜாஸ்தி."

"அப்ப ஏத்து."

"புள்ள இருக்குதும்மா."

"இருக்கட்டும். அவ இருந்தாத்தான் நீ ஏறுவ."

கொல்லை வாசலில் காரைத் திருப்பினார். மேலே நின்றவர்களுக்கு இது வேறு மாதிரி தெரிந்தது. "ஐயையோ, சம்பந்தி திரும்பிப் போறாருடா! நாம ஏதாச்சும் கொறை வெச்சிட்டமா?" என்று சின்னம்மாள் பதறினாள். "மாமா! மாமா!" என்று கத்திக்கொண்டு விஜயராஜ் செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

அதற்குள் மூன்று ஹாரன் மலையை அதிர வைத்தது.

தனகோடி இடது கையை சீட்டின் மேல் போட்டு, உடம்பை முறுக்கி, கழுத்தைப் பின்னால் திருப்பினார். பள்ளம் இப்போது அவர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. எதிரே பின்கண்ணாடி, அதில் மேடு. அதற்கு முன்னால், மகளின் தோளோரம், ஹாரன் சத்தத்தில் விழித்துக்கொண்ட பேத்தியின் முகம். அது அழவில்லை. இந்த மனுஷன் ஏன் இப்படித் திருகிக்கொண்டு நம்மையே பார்க்கிறான் என்கிற மாதிரி வாயைக் குவித்துப் பார்த்தது.

"ஜி.எம்., அசைய வேணாங்க. தோ, ஆச்சிங்க. இந்தக் கல்லு ஒண்ணு. அவ்ளோதாங்க..." ஒரு அதிகாரியிடம் பேசுவதுபோலவே பேசிக்கொண்டு வந்தார். சக்கரம் பிடித்தது. கார் முக்கி முக்கி, பின்பக்கமாக, பாதி மேட்டைத் தாண்டியது. தாண்டியதை அவர் கவனிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஜி.எம். பல்லில்லாத வாயைத் திறந்து எச்சில் ஒழுகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கார் நின்றபோது சின்னம்மாளின் ஆரத்தித் தட்டுக்கு நேராக வந்து நின்றது டிக்கி. அவள் தட்டைப் பார்த்தாள், நம்பர் பிளேட்டைப் பார்த்தாள்.

"எது சம்பந்தி முன்னாடி?"

"இன்னிக்கி அதாங்க முன்னாடி," என்றார் தனகோடி.

கூடியிருந்தவர்கள் சிரிக்க, அவள் நம்பர் பிளேட்டுக்கே மூன்று சுற்றுச் சுற்றி, சிவப்பு விளக்கின் மேல் ஒரு பொட்டும் வைத்துவிட்டாள். புஷ்பவல்லி மூச்சு வாங்க நடந்து வந்து சேர்ந்தாள். அவரைத் திட்ட வாயெடுத்தவள், கழுத்து இடது பக்கமே திருகிக்கொண்டு நேராக வராமல் அவர் இறங்குவதைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திருகிய கழுத்தோடுதான் பேத்தியைக் கையில் வாங்கினார். வாசல்படி வரைக்கும் அடிமேல் அடி வைத்துத் தூக்கிப் போனார். சின்னம்மாள் ரெண்டு கையையும் நீட்டினாள்.

தனகோடி பேத்தியின் குல்லாவை இழுத்துச் சரிசெய்தார். "தலை இன்னும் நிக்கல. கழுத்துக்கடியில கைய வெச்சிக்குங்க சம்பந்தி," என்றார். மூணு பிள்ளை பெற்றவள் சரி என்று தலையாட்டி வாங்கிக்கொண்டாள். குழந்தையைச் சுற்றிக்கொண்டு கூட்டம் உள்ளே போயிற்று. மகளும் போனாள்.

"உட்காருங்க மாமா. நம்ம மலைத் தேன் போட்ட பால், சூடா இருக்கு," என்று விஜயராஜ் டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினார்.

தனகோடி அதை வாங்கி, இடது முழங்கை மடிப்பில் வைத்து அணைத்துக்கொண்டு, உள்ளே போனவர்களையே பார்த்தபடி, வலது கையால் டம்ளரின் முதுகை மெல்லத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தார்.