தானாக அணைந்த கம்ப்யூட்டர்

ரெட்டியார்பாளையத்தில் வீட்டிலேயே டைப்பிங் செய்து கொடுக்கிறேன். ஒரு மாணவியின் புராஜெக்டை மறுநாள் தர வேண்டிய நேரத்தில், கம்ப்யூட்டர் தானாக அணைய ஆரம்பித்தது. சில சமயம் ஒரு மணி நேரம் ஓடும். சில சமயம் ஐந்து நிமிடம்கூட ஓடாது.

"வைரஸா இருக்கும்" என்றார் கணவர். யுபிஎஸ்ஸை மாற்றியும் பார்த்தோம். ஒன்றும் புரியாமல் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நெல்லித்தோப்பிலிருந்து வந்த மெக்கானிக் பவர் பட்டனைத் தடவிப் பார்த்தார்.

"இன்னாக்கா, சந்தனம் காஞ்சி கெடக்குது?"

"ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சேம்ப்பா."

"அதான் பட்டன் அப்பப்ப உள்ளயே மாட்டிக்கினு, அழுத்திப் புடிச்ச மாதிரி ஆஃப் ஆயிடுது."

சுரண்டித் துடைத்ததும் சரியாகிவிட்டது. புராஜெக்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போதும் பூஜையன்று பொட்டு வைக்கிறேன், கம்ப்யூட்டர் பெட்டியின் உச்சியில் மட்டும்.