தூங்கும் சிங்கங்கள்

பூங்கோதை வீட்டின் உள்ளறையில் குறட்டைச் சத்தம் இடியாய் உருண்டது. முன்னறையில் முதலாளி ராஜ்மோகன் ஒரு பீங்கான் சிங்கத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“ஏம்மா பூங்கோதை, அம்பது சிங்கமும் தூங்குது. கொலுவுக்கு எவன் வாங்குவான்?”

பூங்கோதை கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தாள். பன்னிரண்டு வருஷமாகப் பொம்மைகளுக்கு முகம் எழுதியே இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். வேறு வேலை அறியாதவள். போன வாரம்தான் பிள்ளைகளோடு ஸ்கூல் டூர் போயிருந்தாள். வெட்டவெளியில் பழங்கால வீடுகளை நிறுத்தி வைத்த மியூசியத்தில் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். பிறகு மிருகக்காட்சி சாலை. பொம்மையாக ஆயிரம் பார்த்தவள், உயிருள்ள சிங்கத்தை அன்றுதான் பார்த்தாள்.

“நெசச் சிங்கம் தூங்கிக்கிட்டுதாங்க மொதலாளி இருக்குது. கண்ணால பாத்தேன்.”

“பொய்யி!” என்றாள் மகள் தமிழினி. “அது முதுவக் காட்டிக்கிட்டுல்ல படுத்திருந்துச்சு! மூஞ்சிய அம்மா, அப்பாவப் பாத்துதான் போட்டாங்க.”

பூங்கோதை பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். முதலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். நைட் ஷிப்ட் முடித்து வந்த பூங்கோதையின் கணவன் சாமிதுரை பாயில் மல்லாந்து கிடந்தான். சிங்கத்துக்கு இருந்த அதே பிளந்த வாய், அதே ஒருபக்கம் தூக்கிய மீசை!

முதலாளியின் தொந்தி குலுங்கியது.

“மத்ததுக்கெல்லாம் கண்ணத் தொறந்து வுடு. இது எனக்கு. எங்கூட்டம்மா பாத்தா, என்னைத்தான் செஞ்சிருக்குன்னு சத்தியம் பண்ணுவா.”

சிங்கத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனவர், “எழுந்துடப் போவுதும்மா” என்று கிசுகிசுத்து, கதவைச் சத்தமில்லாமல் தானே சாத்திவிட்டுப் போனார்.